வாய் மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி: எதைக் கேட்டுத் தேர்வு செய்வது?

வெண்பல்:

பல் மருத்துவ இளநிலைப் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகளாக ஒரு கிளினிக்கில் பணிபுரிகிறேன். முதுநிலைக்கு வாய் மருத்துவத்தை, அதாவது வாய்ப்புண், முக வலி, வாய் உலர்வு போன்றவற்றைக் கண்டறிந்து பெரும்பாலும் மருந்தால் கவனிக்கும் பல் மருத்துவப் பிரிவை, எடுக்கலாம் என்ற எண்ணம் மூன்று மாதங்களாக என்னை விடவில்லை. அதற்குக் காரணம் ஒரு நோயாளி.

அறுபதைக் கடந்த ஓர் அம்மையார், மேல் தாடையின் வலப்புறத்தில் மின்சாரம் பாய்வதைப் போல வலிக்கிறது என்று வந்தார். அதே வலிக்காக வேறோர் இடத்தில் ஏற்கெனவே இரண்டு பற்களை எடுத்திருந்தார்கள். வலி அப்படியே இருந்தது. மூன்றாவது பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும் எண்ணத்தில் நான் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொத்தையும் இல்லை, வேர் நுனியில் நிழலும் இல்லை. அந்த நேரத்தில் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், வலப்பக்க மூக்கின் ஓரத்தில் துணி படுவதற்கு முன்பே கையை நிறுத்தி, இடப்பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டார். அந்த ஓர் அசைவைப் பார்த்த பிறகு எனக்குப் பல்லைத் தொட மனம் வரவில்லை. வாய் மருத்துவ நிபுணரிடம் அனுப்பினேன். அவர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா (முகத்தின் உணர்வு நரம்பில் எழும் வலி) என்று கண்டறிந்து, எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி, கார்பமசெபின் என்ற நரம்பு வலி மருந்தைத் தொடங்கினார். பத்து நாள் கழித்து அந்த அம்மையார் என்னிடம் வந்து, இப்போது முகம் கழுவ முடிகிறது என்றார்.

நான் இந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்டவர்களில் பாதிப் பேர் "அதில் கைவேலை இல்லை" என்கிறார்கள். மீதிப் பேர் "எக்ஸ்ரே எடுப்பதிலேயே ஆண்டுகள் போய்விடும்" என்கிறார்கள். இத்துறையில் பயின்றவர்களும் பயில்பவர்களும் உண்மை நிலையைச் சொல்ல வேண்டுகிறேன். பயிற்சியில் நாள்தோறும் என்ன நடக்கிறது? ஒரு துறை நன்றாகக் கற்றுத் தருமா என்பதைச் சேருவதற்கு முன்பே அறிய என்ன கேட்க வேண்டும்?

முடித்து வந்தவர்:

இத்துறையில் முதுநிலை முடித்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கைக்குட்டையை நீங்கள் கவனித்தீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் எனக்குக் கற்றுத் தந்ததில் பெரும்பங்கு அந்தக் கவனிப்புதான்.

பயிற்சியின் அமைப்பும் கால அளவும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் இது கதிரியலோடு (எக்ஸ்ரே போன்ற படங்களைப் படிக்கும் துறை) சேர்ந்த மூன்றாண்டு எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலை) படிப்பு, முதலாண்டின் இறுதியில் அடிப்படை அறிவியல் தேர்வு, மூன்றாம் ஆண்டின் இறுதியில் முதன்மைத் தேர்வு, இடையில் ஓர் ஆய்வேடு. அமெரிக்காவில் கதிரியல் தனித் துறை. வாய் மருத்துவத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி. அங்கே வாய் மருத்துவம் பல் மருத்துவச் சிறப்புத் துறையாக முறைப்படி ஏற்கப்பட்டதே 2020 மார்ச்சில்தான். பல்லாண்டுகளாக அத்துறையில் உழைத்தவர்கள் அதுவரை அந்தப் பெயரில்லாமலே பணியாற்றினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடுகிறது.

முதல் ஆறு மாதங்களில் கற்பது இரண்டே வேலைகள்: கேட்பது, பார்ப்பது. பார்ப்பது என்றால் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரே வரிசையில், ஓர் இடத்தையும் விடாமல் பார்ப்பது. முதலில் கழுத்தில் நிணநீர்க் கணுக்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு உதடு, உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறு, அண்ணம், தொண்டை முகப்பு. நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுத் திருப்தியடையக் கூடாது. நுனியைக் காஸ் துணியால் சுற்றிப் பிடித்து, மெல்ல ஒரு பக்கம் இழுத்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஓரத்தை விளக்கொளியில் பார்க்க வேண்டும், பிறகு மறுபக்கம். நாக்கின் அடிப்புறத்தைப் பார்த்த பின், ஒரு விரலை நாக்கின் அடியிலும் மறுகையைத் தாடைக்குக் கீழே வெளியிலும் வைத்து, இடையில் இருக்கும் திசுவை இரு கைகளாலும் தடவிப் பார்க்க வேண்டும். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஒளிந்து வளர்வது நாக்கின் ஓரத்திலும் வாயின் அடித்தளத்திலும் என்பதால்தான் இவ்வளவு பாடு. இவ்வளவுக்கும் மூன்று நிமிடம் போதும். ஆனால் நூறாவது நோயாளியிடமும் வரிசை பிசகாமல் செய்ய ஓராண்டு ஆகும்.

சேருவதற்கு முன் என்ன கேட்பது என்றால், என் பதில் ஒரே கேள்விதான். "முதல் மாதத்தில் நான் பார்த்த நோயாளியைக் கடைசி மாதத்திலும் நானே பார்ப்பேனா?" இதற்குத் தயங்காமல் "ஆம்" என்று பதில் வரும் துறையில் சேருங்கள். புறநோயாளிகளின் எண்ணிக்கை, கட்டடம், கருவிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். வாய் மருத்துவத்தின் நோய்கள் நாள்பட்டவை. லைக்கன் பிளானஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோய் உள்ளவர் இந்த மாதம் கன்னத்தில் வெண்கோடுகளோடு வருவார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் சிவந்த புண்ணோடு வருவார். இரண்டையும் பார்த்தவருக்கே அந்த நோய் தெரியும். ஒரு முறை மட்டும் பார்த்தவருக்கு அதன் படம்தான் தெரியும்.

மூன்றாமாண்டு மாணவி:

இறுதியாண்டில் இருக்கிறேன். மேலே சொன்ன கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பல துறைகளில் அதற்கு நேர்மையான பதில் "இல்லை" என்பதையும் வெண்பல் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் துறையில் காலை முழுவதும் எக்ஸ்ரே அறைப் பணி முறைவைத்து நடக்கும். என் லைக்கன் பிளானஸ் நோயாளி மறுபரிசோதனைக்கு வரும் நாளில் நான் எக்ஸ்ரே அறையில் இருந்தால், வேறொருவர் பார்த்து அனுப்பிவிடுவார். முதல் ஆண்டில் இதற்காக நான் உண்மையிலேயே அழுதிருக்கிறேன். பிறகு, என் நோயாளிகள் எல்லாரையும் எனக்கு எக்ஸ்ரே பணி இல்லாத ஒரே கிழமைக்கு மாற்றி எழுதிக்கொண்டேன். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. கேட்டிருந்தால் முதல் மாதத்திலேயே கிடைத்திருக்கும்.

ஆனாலும் கதிரியலை வீணான சுமை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சென்ற ஆண்டு ஒருவர், கீழ் உதட்டின் ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கிறது என்றார். பல்லும் ஈறும் நன்றாக இருந்தன. முழுத் தாடை எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை நரம்புக் கால்வாயின் விளிம்பு ஓரிடத்தில் அரித்தது போலத் தெரிந்தது. அதையும் மரத்துப்போன உதட்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் உடனே மேல்பரிசோதனைக்கு அனுப்பினோம். உடலில் வேறோர் இடத்தில் இருந்த புற்றுநோய் தாடைக்குப் பரவியிருந்தது. காரணமில்லாமல் முகவாய் மரத்துப்போவது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்பதை நான் பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் படத்தைப் படிப்பவரும் நோயாளியிடம் பேசுபவரும் ஒருவராகவே இருந்ததன் பயனை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

முடித்து வந்தவர்:

கதிரியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தங்கையே. நீங்கள் சொன்ன நோயாளியைப் போன்றவர்களுக்காகவே அது வேண்டும். ஆனால் எக்ஸ்ரே எடுப்பது வேறு, எக்ஸ்ரேயைப் படிப்பது வேறு. முதுநிலை மாணவர் நாள்தோறும் நாற்பது படங்களை எடுத்துத் தள்ளிவிட்டு, அவற்றில் ஒன்றுக்குக்கூட அறிக்கை எழுதி ஆசிரியரிடம் திருத்தம் பெறவில்லை என்றால் அது பயிற்சியாகாது. ஆகவே வெண்பல், இரண்டாவது கேள்வியாக இதையும் கேளுங்கள்: அறிக்கையை யார் எழுதுகிறார்கள், யார் திருத்துகிறார்கள்? மறுபரிசோதனையை ஒரே கிழமைக்கு மாற்றிய யோசனை மிகச் சிறப்பு. எனக்கு அது தோன்றவில்லை.

தோல் மருத்துவர்:

நான் பல் மருத்துவன் அல்லன். தோல் நோய்ப் பிரிவில் இருக்கிறேன். வாய் மருத்துவ முதுநிலை மாணவர்கள் எங்கள் பிரிவுக்கு முறைவைத்து வருவார்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய் பல நோயாளிகளுக்கு வாயில்தான் தொடங்குகிறது. தோலில் கொப்புளம் தோன்றச் சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் நோயாளி செல்வது பல் மருத்துவரிடம். ஈறு உரிகிறது என்று பல் சுத்தம் செய்வார்கள். வாய்ப்புண் என்று வைட்டமின் மாத்திரை தருவார்கள். விழுங்க முடியாமல் எடை குறைந்த பிறகு எங்களிடம் வருவார். வாய் மருத்துவம் பயின்ற ஒருவர் இடையில் இருந்தால் அந்த மாதங்கள் மிச்சமாகும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் அவர் திசு எடுத்து அனுப்பும் முறை சரியாக இருக்க வேண்டும். புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் மேல்தோலே இருக்காது. நோய்க்குறியியலாளருக்கு அழற்சி மட்டுமே தெரியும். புண்ணை ஒட்டிய, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தில் எடுக்க வேண்டும். இரண்டு துண்டுகள் தேவை. ஒன்று ஃபார்மலினில், வழக்கமான பரிசோதனைக்கு. மற்றொன்று, நோயெதிர்ப்புப் புரதங்களை ஒளிரும் சாயத்தால் காட்டும் நேரடி இம்யூனோஃப்ளோரசன்ஸ் பரிசோதனைக்கு. அதை ஃபார்மலினில் போட்டால் பயனற்றுப்போகும், அதற்குரிய மிஷெல் திரவத்தில் அனுப்ப வேண்டும். இரண்டு குப்பிகளையும் பெயரெழுதித் தயாராக வைத்துக்கொண்ட பிறகே கத்தியைத் தொடும் மாணவரைப் பார்த்தால், அவருடைய துறை நன்றாகக் கற்றுத் தருகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வெண்பல்:

அனைவருக்கும் நன்றி. தோல் மருத்துவர் ஐயா சொன்னதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. நான் விசாரித்த ஒரு துறையில் பயாப்சியை (பரிசோதனைக்குத் திசு எடுப்பதை) அறுவைச் சிகிச்சைப் பிரிவினரே செய்கிறார்கள். வாய் மருத்துவ மாணவர்கள் கடிதம் எழுதி அனுப்புவதோடு சரி. இது பெரிய குறையா, அல்லது பிறகு கற்றுக்கொள்ளக் கூடியதா? மருந்துகளைப் பற்றியும் எனக்கு அச்சம் உண்டு. இளநிலையில் நாங்கள் எழுதியவை வலி மாத்திரைகளும் ஆன்டிபயாடிக்குகளும் மட்டுமே.

பழைய ஆசிரியர்:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்துறையில் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அது பெரிய குறைதான். பயாப்சி எடுப்பது கடினமான அறுவை அன்று. திசுவை வட்டமாக வெட்டும் நாலு மில்லிமீட்டர் பஞ்ச் கருவியைக் கையாள ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். கடினமானது, எங்கே எடுப்பது என்ற முடிவு. ஒரு கன்னம் முழுவதும் வெள்ளைப் படலம் பரவியிருக்கிறது. அதன் நடுவே ஓர் ஓரத்தில் சிறிய சிவப்புத் திட்டு. வெள்ளையிலிருந்து எடுத்தால் அறிக்கை சாதாரணமாக வரக்கூடும். தீவிர மாற்றம் அந்தச் சிவப்பில் ஒளிந்திருக்கக்கூடும். பலமுறை வாயைப் பார்த்தவரே எடுக்கும் இடத்தை முடிவு செய்ய வேண்டும். எடுத்த துண்டின் அறிக்கை வந்ததும், கண்ணாடித் தகட்டை நோய்க்குறியியலாளரோடு ஒரே நுண்ணோக்கியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தான் வாயில் கண்டதும் தகட்டில் காண்பதும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்காத மாணவர், அறிக்கையை நம்பப் பழகுவார், சந்தேகிக்கப் பழகமாட்டார். எரித்ரோபிளேக்கியா போன்ற செந்திட்டில் "அழற்சி மட்டுமே" என்று அறிக்கை வந்தால் மறுபடியும் எடுக்கும் துணிவு அந்தச் சந்தேகத்திலிருந்துதான் வரும்.

மருந்தைப் பற்றிய உங்கள் அச்சம் நல்ல அச்சம். அதைத் தொலைத்துவிடாதீர்கள். கார்பமசெபின் உங்கள் நோயாளிக்கு அற்புதம்போல வேலை செய்தது. அதே மருந்து, எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ள சிலருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய தோல் எதிர்வினையை உண்டாக்கும். ஆசிய மரபினர் பலரிடம் அந்த வகை காணப்படுவதால், மருந்தைத் தொடங்குமுன் அதைப் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007-இலேயே எச்சரித்தது. இரத்த அணுக்களையும் சோடியத்தையும் இடையிடையே பார்க்க வேண்டும். ஸ்டீராய்டும் அப்படியே. க்ளோபெட்டசால் களிம்பைப் புண்ணில் தடவச் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு வாரத்தில் பூஞ்சைத் தொற்று வந்திருக்கிறதா என்று பார்க்காதவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். மருந்துச் சீட்டில் கையெழுத்திட்டவர் அதன் விளைவைப் பார்க்கும் வரை அந்த மருந்துக்குப் பொறுப்பாளி. பயிற்சிக் காலத்தில் இந்தப் பொறுப்பு உங்கள் தோளில் ஏற வேண்டும். உங்கள் பின்னால் ஓர் ஆசிரியர் நிற்கவும் வேண்டும்.

இன்னொன்று. பொது மருத்துவமனையோடு, குறிப்பாகப் புற்றுநோய்ப் பிரிவோடு தொடர்பில்லாத துறையில் சேராதீர்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்குமுன், காப்பாற்ற முடியாத பற்களை எடுத்துவிட வேண்டும். ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரங்களாவது வேண்டும். கதிர்வீச்சுக் குழுவோ ஒரு நாளையும் இழக்க விரும்பாது. அந்த இழுபறியில் எந்தப் பல்லை எடுப்பது, எதை விடுவது என்று ஒரே பிற்பகலில் முடிவு செய்ய வேண்டியிருக்கும். தவறினால், கதிர்வீச்சுக்குப் பிறகு எடுத்த ஒரு பல்லால் தாடை எலும்பே மடியலாம். எலும்புக்கு வலுச் சேர்க்கத் தரும் பிஸ்பாஸ்ஃபோனேட், டெனோசுமாப் மருந்துகளை எடுப்பவர்களிடமும் இதைப் போன்ற எலும்பு மடிவு வருகிறது. எட்டு வாரங்களுக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் அந்த நோயை நினைக்க வேண்டும். இவற்றை வகுப்பறையில் கற்க முடியாது. அந்த நோயாளிகளின் கட்டிலருகே நின்றுதான் கற்க முடியும்.

கிளினிக் நடத்துபவர்:

எல்லாரும் கல்வியைப் பற்றியே பேசுகிறீர்கள். பிழைப்பைப் பற்றியும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? நானும் வாய் மருத்துவம் பயின்றவன்தான். வெளியே வந்த பிறகு, நாற்பது நிமிடம் ஒருவரிடம் பேசி, எரிச்சலுக்குப் பல் காரணமில்லை என்று விளக்கினால், "ஒன்றுமே செய்யவில்லையே, எதற்குக் கட்டணம்?" என்று கேட்கிறார்கள். வேர் சிகிச்சைக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. வாரத்தில் நான்கு நாள் பொதுப் பல் சிகிச்சை செய்கிறேன். இரண்டு நாள்தான் என் துறைக்கு. இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். தெரியாமல் வந்தவர்கள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆயினும் அந்த நான்கு நாள்களிலும் என் பயிற்சி எனக்கு உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்ற மாதம், மெல்லும்போது தாடை வலிக்கிறது, சற்று ஓய்ந்தால் சரியாகிறது என்று எழுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். தாடை மூட்டில் குறையில்லை. நெற்றிப்பொட்டில் தலைவலி உண்டா என்று கேட்டேன். தலை வாரினால்கூட வலிக்கிறது என்றார். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி. ஸ்டீராய்டு தாமதமாகியிருந்தால் பார்வை போயிருக்கக்கூடும். பொதுப் பல் மருத்துவராக மட்டும் இருந்திருந்தால், பற்களுக்கிடையே வைக்கும் கடிதகடு செய்து கொடுத்து அனுப்பியிருப்பேன்.

மூன்றாமாண்டு மாணவி:

இதுவரை யாரும் ஆய்வேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சேர்ந்த சில மாதங்களிலேயே தலைப்பைக் கேட்பார்கள். அப்போது உங்களுக்கு எந்த நோயும் சரியாகத் தெரியாது. பெரிய தலைப்பை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். நான் வாய் உலர்வைப் பற்றி எடுத்தேன். தேவைப்பட்டவை ஒரு நாற்காலி, ஒரு சோதனைக் குழாய், ஒரு துல்லியத் தராசு, ஒரு கடிகாரம் மட்டுமே. நோயாளி தலையைச் சற்று முன்னே சாய்த்து, விழுங்காமல், பேசாமல் உட்கார்ந்து, ஊறும் உமிழ்நீரைக் குழாயில் விட வேண்டும். பதினைந்து நிமிடம் நானும் பேசாமல் எதிரே உட்கார்ந்திருப்பேன். நிமிடத்துக்கு 0.1 மில்லி அல்லது அதற்குக் குறைவு என்பது வாயையும் கண்ணையும் உலரச் செய்யும் ஷோகிரன் நோய்க்கான அளவுகோல்களுள் ஒன்று. பதினைந்து நிமிட முடிவில் குழாயின் அடியில் நுரையாக ஒரு துளி மட்டும் இருந்த அம்மையார் ஒருவர், "இவ்வளவுதான் எனக்கு இருக்கிறதா?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக வீட்டில் யாரும் அவர் சொல்வதை நம்பவில்லையாம். அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் ஆய்வேட்டின் அட்டவணையில் அவர் ஓர் எண். என் மனத்தில் அப்படி இல்லை.

முடித்து வந்தவர்:

அந்த அம்மையாரைப் பற்றிப் படித்த பிறகு, நான் சொல்லத் தயங்கியிருந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் பதிலில் ஒரே கேள்வியைக் கேளுங்கள் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பதற்கு இதுதான் காரணம்.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, நாக்கின் ஓரத்தில் வெண்படலத்தோடு ஒருவரைப் பார்த்தேன். பயாப்சியில் லேசான டிஸ்பிளேசியா, அதாவது புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றம், வந்தது. புகையை நிறுத்தச் சொல்லி, உரசிக்கொண்டிருந்த கூர்ப்பல்லைச் சீராக்கி, மூன்று மாதத்தில் வரச் சொன்னேன். அவர் வரவில்லை. வராததை நான் கவனிக்கவும் இல்லை. எங்கள் துறையில் வந்தவர்களுக்குப் பதிவேடு இருந்தது, வராதவர்களுக்கு இல்லை. பதினோரு மாதம் கழித்து அவர் வந்தபோது நாக்கின் ஓரம் கல்லைப் போல் இறுகியிருந்தது; கழுத்தில் ஒரு கணு விரலுக்குத் தட்டுப்பட்டது. "நல்லா இருந்துச்சுன்னு விட்டுட்டேன் டாக்டர்" என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும். அவருடைய எண் என் கையெழுத்திலேயே கேஸ் தாளில் இருந்தது.

அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன். டிஸ்பிளேசியா, எரித்ரோபிளேக்கியா, புண்ணோடு கூடிய லைக்கன் பிளானஸ், வாய் இறுகிப்போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், எண், அடுத்து வர வேண்டிய நாள். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த வாரம் வராதவர்களை அழைப்பேன். பயிற்சி முடிந்து வரும்போது அந்த நோட்டை அடுத்து வந்த மாணவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது என் கிளினிக்கில் அதைப் போல வேறொன்று இருக்கிறது.

பழைய ஆசிரியர்:

இதை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். அந்தக் குற்றத்தில் மாணவருக்கு இருப்பதைவிட ஆசிரியர்களுக்குப் பங்கு அதிகம். வராதவர்களின் பதிவேட்டை மாணவர் தம் காசில் நோட்டு வாங்கித் தொடங்க வேண்டிய நிலையில் துறையை வைத்திருந்தது எங்கள் தலைமுறைதான். என் துறையிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

வெண்பல் போன்றவர்களுக்காக ஒரு விளக்கம் சேர்க்கிறேன். லுக்கோபிளேக்கியா என்ற வெண்படலத்தை முழுவதும் வெட்டி எடுத்தாலும், அந்த வாயில் பின்னாளில் புற்றுநோய் வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. வெட்டிய இடத்தில் வராமல் வேறிடத்தில் வரலாம். லைக்கன் பிளானஸில் அந்த ஆபத்து மிகக் குறைவு, நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே இந்நோயாளிகளுக்கு நாம் தரும் சிகிச்சையின் பெரும்பகுதி, மறுபடியும் பார்ப்பதுதான். களிம்பும் மாத்திரையும் அதற்குத் துணை. கைவேலை இல்லாத துறை என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: பத்து ஆண்டுகள் ஒருவரின் நாக்கை ஆண்டுக்கு நான்கு முறை காஸ் துணியால் பிடித்துப் பார்ப்பதும் கைவேலைதான்.

தோல் மருத்துவர்:

அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் பிரிவிலும் அப்படியொரு பதிவேடு இல்லை என்பதை இதைப் படித்த பிறகே உணர்ந்தேன். திங்கட்கிழமை தொடங்குகிறோம்.

வெண்பல்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இதற்கிடையில் இரண்டு துறைகளுக்கு நேரில் சென்று வந்தேன். எந்தத் துறை என்று பெயர் சொல்ல விரும்பவில்லை.

முதல் துறை பெரியது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன்பீம் சிடி இருக்கிறது. நீண்ட வரிசையில் நோயாளிகள் காத்திருந்தார்கள். நீங்கள் சொன்ன கேள்வியை ஒரு மாணவரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தான் பார்த்தவர்களில் மறுபடியும் பார்த்தவர் யாரும் நினைவுக்கு வரவில்லை என்றார். பொய் சொல்லாமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். பயாப்சியை அங்கே அறுவைப் பிரிவினர் எடுக்கிறார்கள்.

இரண்டாவது துறை சிறியது. எக்ஸ்ரே கருவி பழையது. ஆசிரியர் ஒருவர் மாணவரோடு சேர்ந்து முழுத் தாடைப் படத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். மூன்று முறை அடித்துத் திருத்தினார். வராதவர்களுக்குப் பதிவேடு உண்டா என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். முதல் பக்கங்களின் ஓரம் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு மையில் நாள்கள்; சில வரிகளின் எதிரே "அழைத்தேன், வெளியூர்", "அழைத்தேன், மகள் எடுத்தார், வியாழன் வருவார்" என்று வெவ்வேறு கையெழுத்தில் குறிப்புகள். நான்கைந்து வரிகளின்மேல் கோடு போட்டு "காலமானார்" என்று எழுதியிருந்தது. ஒரே நோயாளிக்கு ஆறு ஆண்டுகளாக நாள் குறித்திருந்த வரி ஒன்றையும் பார்த்தேன். அதில் மூன்று மாணவர்களின் கையெழுத்து இருந்தது.

இரண்டாவது துறையையே முதல் விருப்பமாக எழுதப் போகிறேன். நுழைவுத் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. நாளை முதல் என் கிளினிக்கிலும் ஒரு நோட்டு வைக்கப் போகிறேன். அதன் முதல் வரியில் அந்த அம்மையாரின் பெயரையும், கார்பமசெபினுக்கு அடுத்த இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய நாளையும் எழுதிவிட்டேன்.